சேர வந்தவர் ஏன் திரும்பிப் போகிறார்? கிராம இளைஞர் மன்ற நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இளைஞர்களுக்கு ஊர் மேல் அக்கறையே இல்லை, கைபேசியே கதியென்று கிடக்கிறார்கள் என்பது மன்றக் கூட்டங்களில் தவறாமல் கேட்கும் புலம்பல். அதை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு உங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டுங்கள். கடந்த ஓராண்டில் முதல்முறையாக வந்து கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களை மட்டும் ஒரு தனித்தாளில் எழுதுங்கள். அவர்களில் யார் இரண்டாம் கூட்டத்துக்கு வந்தார்கள், யார் மூன்றாவதுக்கு வந்தார்கள் என்று எதிரே குறியுங்கள். வராதவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நமக்கு, வந்து போனவர்களின் பட்டியல் அப்போதுதான் கண்ணில் படும். முதல் கூட்டத்துக்கும் மூன்றாம் கூட்டத்துக்கும் நடுவில் அவர்கள் நழுவுகிறார்கள். அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த மடல். மன்றங்களின் பதிவேடு, கணக்கு, விதிமுறை ஆகியவற்றோடு பழகியவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று மன்றம் அமைக்கும் பழக்கம் நூறாண்டைத் தாண்டியது. 1902இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி மேற்பார்வையாளர் தொடங்கிய மன்றம், பின்னாளில் நான்கு-எச் (4-H) என்ற பெயரில் பரவிய இயக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்று. அதில் சேர்ந்த பிள்ளை மக்காச்சோளமோ காய்கறியோ பயிரிட வேண்டும். தன் நிலத்து மண்ணைச் சோதிக்க வேண்டும். 1921இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஹெம்யோக் என்ற சிற்றூரில் முதல் இளம் உழவர் மன்றம் தொடங்கியபோது பிள்ளைகளிடம் வளர்க்கக் கொடுத்தது கன்றுக்குட்டியை. இரண்டு இடத்திலும் சேர்ந்தவர் கையில் உயிருள்ள ஒரு பொறுப்பு இருந்தது. இன்று நம் மன்றங்களில் சேர்பவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு நாற்காலி, அதிலும் கடைசி வரிசையில்.

முதலில் படிவம். பல மன்றங்களின் சேர்க்கைப் படிவம் எங்கிருந்தோ எடுத்த விண்ணப்பத்தின் நகல். தந்தை பெயர், தொழில், கல்வித் தகுதி, நிரந்தர முகவரி, அடையாள அட்டை எண் என்று கேட்டுக்கொண்டே போகும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இவற்றில் பாதிக்கு வேலையே இல்லை. அடையாள அட்டை நகலை வாங்கி ஒரு பையில் போட்டு யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் வைப்பது ஆபத்தும்கூட; அது தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் செயலாளர். சட்டப்படி பதிவு செய்த மன்றமானால் அந்தச் சட்டம் கேட்கும் விவரங்களை மட்டும் வாங்குங்கள். அதற்கு மேல் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: உங்களுக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை என்ன? கற்றுக்கொள்ள விரும்பும் ஒன்று என்ன? வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் உங்களால் வர முடியும்? எந்த மாதங்களில் வேலைக்கோ படிப்புக்கோ வெளியூரில் இருப்பீர்கள்? அவசரமென்றால் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும்? இந்த ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்கும். எழுதத் தயங்குபவருக்கு இன்னொரு உறுப்பினர் கேட்டு எழுதலாம். கையெழுத்து மட்டும் அவருடையதாக இருந்தால் போதும்.

மூன்றாவது கேள்வியின் விடைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்காத மன்றம் கூட்டத்தைத் தவறான நேரத்தில்தான் வைக்கும். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் என்றால் பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் வர மாட்டார்கள்; ‘அவர்களுக்கு ஆர்வமில்லை’ என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். அறுவடைக் காலத்திலும் தேர்வுக் காலத்திலும் கூட்டம் நடந்தால் யார் வர மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இருட்டுவதற்குள் முடியும் நேரம், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காத கூட்டம், முடியும் நேரத்தை அறிவிப்பிலேயே எழுதுவது: இவை மூன்றும் செலவில்லாதவை. தொடங்கும் நேரத்தை எல்லோரும் எழுதுகிறோம். முடியும் நேரத்தை எழுதுவதில்லை. பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு வேண்டியது அந்த இரண்டாவது நேரம்தான்.

முதல் நாள் வந்தவரை எழுந்து நிற்கச் சொல்லி, ‘உங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கூச்சமில்லாத பத்தில் ஒருவருக்கு அது பிடிக்கும். மற்றவருக்கு அடுத்த கூட்டத்துக்கு வராமலிருக்க அதுவே காரணமாகும். மாறாக, அவர் வயதை ஒட்டிய ஓர் உறுப்பினரைத் துணையாக விடுங்கள். துணையாள் செயற்குழுவில் இருக்கக் கூடாது. நிர்வாகியைத் துணைக்கு விட்டால் அவர் கூட்டத்தை நடத்தவே போய்விடுவார், புதியவர் தனியாக நிற்பார். துணையாளின் வேலை மூன்று: பக்கத்தில் உட்காருவது, பேச்சில் அடிபடும் பழைய கதை புரியாதபோது சொல்லிக் கொடுப்பது, அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் நேரில் போய்க் கூப்பிடுவது. வாட்ஸாப் செய்தி கூப்பிட்டதாகாது. நூறு பேருக்குப் போகும் அழைப்பு யாருக்கும் வந்த அழைப்பல்ல என்பது கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இரண்டு கூட்டங்கள் பார்வையாளராக இருக்கட்டும். அதற்குப் பிறகு படிவம், சந்தா, ரசீது. முதல் நாளே சந்தா கேட்டால் காசுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வரும். சந்தாத் தொகையை ஊரில் மிகக் குறைந்த வருமானமுள்ள வீட்டுப் பிள்ளையும் கைச்செலவிலிருந்து கொடுக்கும் அளவுக்கு வையுங்கள். கொடுக்க முடியாதவருக்கு விலக்கு தரும் அதிகாரம் பொருளாளர், செயலாளர் இருவருக்கும் சேர்த்து இருக்கட்டும், பெயரை அறிவிக்காமல். ‘இன்னாருக்குச் சந்தா தள்ளுபடி’ என்று கூட்டத்தில் வாசிக்கும் கொடுமை இன்னும் சில இடங்களில் நடக்கிறது.

இனி முக்கியமான இடம். படிவம் கொடுத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் முடியக்கூடிய ஒரு வேலை புதியவர் கையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எட்டுப் பத்து வேலைகளின் பட்டியல் செயலாளரிடம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்; ஆள் வந்த பிறகு யோசித்தால் ‘பெருக்கு, நாற்காலி போடு, டீ வாங்கி வா’ என்பதில்தான் போய் நிற்கும். இருவர் சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். முடிந்தது என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். ரொக்கம் கையாளும் வேலையாகவோ பழைய சண்டை ஒன்றின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் வேலையாகவோ இருக்கக் கூடாது.

தெருவிளக்குக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் இருவர் ஊரைச் சுற்றி வந்து எரியாத விளக்குகளைக் குறிக்க வேண்டும்: கம்பத்தின் எண், எண் அழிந்திருந்தால் எந்த வீட்டுக்கு எதிரே, எத்தனை நாளாக எரியவில்லை, பல்பு இல்லையா, இருந்தும் எரியவில்லையா. மறுநாள் ஒரு பக்கத்தில் அட்டவணையாக எழுதி உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் வாங்க வேண்டும். ‘எங்கள் ஊரில் பல விளக்குகள் எரிவதில்லை, ஆவன செய்ய வேண்டுகிறோம்’ என்று எழுதும் மனு ஏன் நகர்வதில்லை என்றால், அதை வைத்துக்கொண்டு மின்பணியாளரால் ஏணியை எங்கே சாத்துவது என்று முடிவு செய்ய முடியாது. எண்ணோடு போகும் மனுவை ‘விவரம் இல்லை’ என்று திருப்பவும் முடியாது. பத்து நாள் கழித்து அதே இருவர் மறுபடி சுற்றி வந்து எத்தனை எரிகிறது என்று கூட்டத்தில் சொல்லட்டும். முதல்முறை கூட்டத்தில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடையாது. பேச்சு அவரைப் பற்றியதல்ல, விளக்கைப் பற்றியது.

விளையாட்டில் ஆர்வமுள்ளவருக்குக் கைப்பந்து ஆடுகளம் அளக்கும் வேலையைக் கொடுக்கலாம். களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் வேண்டும், ஆக 24க்கு 15 மீட்டர். இந்தக் காலியிடத்தை விட்டுவிட்டு வேலியை ஒட்டியோ கிணற்றை ஒட்டியோ கோடு போடுவதால்தான் பந்தைத் துரத்திப் போய் அடிபடுகிறார்கள். நான்கு மூலையும் செங்கோணமா என்று பார்க்க, கயிற்றில் 3, 4, 5 மீட்டர் நீளமுள்ள மூன்று பக்கங்கள் வரும்படி முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் போதும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக, சுமார் 20.12 மீட்டர், வந்தால் களம் கோணாமல் இருக்கிறது. வலையின் மேல்விளிம்பு ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர், களத்தின் நடுவில் அளந்து. வலை தொய்ந்தால் நடுவில் உயரம் குறையும். ஓரத்தில் அளந்து சரியென்று விடுவது பொதுவான பிழை. ஆட்டக்காரர்கள் பழகப் பழக வலை 2.43இலேயே நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிடுகிறது. கம்பத்தில் இரண்டு உயரத்துக்கும் கொக்கி வைக்காத மன்றம், பெண்கள் ஆட வருவதில்லை என்று குறைப்படுவதற்கு முன் அந்த 19 சென்டிமீட்டரைப் பார்க்க வேண்டும்.

இளைஞர் என்றால் யார் என்ற கேள்வியைப் பல மன்றங்கள் பட்டும் படாமலும் விட்டு வைத்திருக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவை புள்ளிவிவரங்களுக்காக 15 முதல் 24 வயது என்கிறது. இந்தியாவின் 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 என்றது. 2006இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க இளைஞர் சாசனம் 15 முதல் 35 என்கிறது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் விதிமுறையில் எழுதுங்கள். எழுதாத இடத்தில் தலைவருக்கு நரை விழும், பதவிக்கு விழாது. மேல்வயது வரம்பைத் தாண்டியவர்களைத் துரத்த வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிந்த அலுவலகமும் ஆட்களும் மன்றத்துக்குத் தேவை. ஆலோசகர் என்று ஓர் இடம் கொடுங்கள், வாக்குரிமை இல்லாமல். கையெழுத்திடும் அதிகாரமும் இல்லாமல்.

18 வயது நிறையாதவர்கள் சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துமூல ஒப்புதல் ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வெளியூர்ப் பயணம், நீர்நிலையில் வேலை, இரவுத் தங்கல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். எந்த வேலையிலும் ஒரு பெரியவரும் ஒரு சிறாரும் தனியாக இருக்கும்படி ஏற்பாடு செய்யாதீர்கள்; குறைந்தது இரு பெரியவர்கள், பெண்பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருவர் பெண். சிறாரின் கைபேசி எண் எல்லோருக்கும் தெரியும் பொதுக் குழுவில் போகக் கூடாது. பெற்றோரின் எண்ணைச் சேர்த்து அறிவிப்பு மட்டும் அனுப்பும் குழுவாக வையுங்கள். புகார் சொல்ல ஒரு பெயர் போதாது. புகாரே அந்த ஒருவர் மீதானால் பிள்ளை எங்கே போகும்? இரண்டு பெயர்கள், முடிந்தால் ஓர் ஆண் ஒரு பெண், அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். இவற்றை ‘நம்ம ஊரில் அப்படியெல்லாம் நடக்காது’ என்று ஒதுக்குபவர் செயற்குழுவில் ஒருவராவது இருப்பார். அவரை வைத்துக்கொண்டே விதியை நிறைவேற்றுங்கள்.

பணத்தைப் பற்றிப் புதியவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் கவனிக்கிறார்கள். திருவிழாவுக்கோ போட்டிக்கோ வசூலுக்குப் போகும்போது முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்று ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புவதுதான் பெரும்பாலான கணக்குத் தகராறுகளின் பிறப்பிடம். ரசீதுகள் வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். எந்தப் புத்தகம், எந்த எண் முதல் எந்த எண் வரை, யாரிடம், எந்தத் தேதியில் என்று வழங்கல் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே புத்தகம் வெளியே போக வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழிக்கக் கூடாது. இரண்டு பிரதியையும் குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதி அடிக்கட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய வசூல் மறுநாளுக்குள் பொருளாளரிடம், அங்கிருந்து வங்கிக்கு. வசூலிலிருந்தே நேராகச் செலவு செய்துவிட்டு மீதியை மட்டும் ஒப்படைக்கும் பழக்கம் நேர்மையானவரையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும், ஏனெனில் வரவு முழுமையாக எங்குமே பதிவாவதில்லை. மாதம் ஒருமுறை தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று நான்கு வரி எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். சேர யோசிப்பவர் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.

அடுத்தது உறுப்பினர் பட்டியல். அதில் 40 பேர் இருக்கிறார்கள், கூட்டம் செல்ல மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 14 பேர் வேண்டும். 40 பேரில் 18 பேர் பிழைப்புக்காக வெளியூரில் இருந்தால் ஊரில் மிஞ்சும் 22 பேரில் 14 பேர் வர வேண்டும். மூன்றில் ஒன்று என்று எழுதிய விதி நடைமுறையில் மூன்றில் இரண்டை நெருங்கிவிட்டது. கூட்டம் தள்ளிப் போகும், மறுபடி தள்ளிப் போகும், சலித்துப்போய் நான்கு பேர் சேர்ந்து எல்லார் பெயரிலும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கள்ளக் கையெழுத்தை நேரில் பார்க்கிற புதியவர் மன்றத்தைப் பற்றிய தன் முடிவை அன்றே எடுத்துவிடுகிறார். இதற்கு எளிய வழி, ‘வெளியூர் உறுப்பினர்’ என்ற பிரிவு. விதிமுறையைத் திருத்தி, ஊரில் இல்லாத மாதங்களில் அவர்களைக் குறைவெண் கணக்கில், அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் கணக்கில், சேர்க்காமல் விடுங்கள். திரும்பி வந்ததும் ஒரு கடிதத்தில் முழு உரிமை திரும்பட்டும். பதிவு பெற்ற மன்றமானால் உங்கள் ஊரின் சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, திருத்தத்தைப் பதிவு அலுவலகத்திலும் தாக்கல் செய்ய வேண்டும்.

தேர்தல் நெருங்கும்போது சேர்க்கை இரண்டு விதமாகக் கெடும். ஓர் அணி ஒரே வாரத்தில் இருபது படிவத்தை மொத்தமாகக் கொண்டுவந்து போடும், சந்தாவும் ஒருவரே கட்டுவார். அல்லது பதவியில் இருப்பவர்கள் எதிரணிப் பிள்ளைகளின் படிவத்தை ‘பரிசீலனையில்’ என்று சொல்லிச் சொல்லியே ஆண்டைக் கடத்துவார்கள். முன்னதைத் தடுக்க, ஆண்டுக் கூட்டத்துக்கு 90 நாள் முன்பு சேர்ந்து சந்தாவும் கட்டியவருக்கே வாக்கு என்று எழுதலாம். அதை மட்டும் எழுதினால் பின்னது இன்னும் எளிதாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். எனவே படிவம் வாங்கிய அன்றே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு. 21 நாளுக்குள் எழுத்தில் பதில். பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். மறுத்தால் காரணம் எழுத்தில், பொதுக்குழுவில் மேல்முறையீடு. இந்த விதிகள் ஒன்றாகவே நிறைவேற வேண்டும். ஊரின் ஒரு பகுதிப் படிவங்களே திரும்பத் திரும்ப மறுக்கப்படுகின்றனவா என்று ஆண்டுக்கொருமுறை பட்டியலைப் பார்க்கவும் இந்த எழுத்துப் பதிவு உதவும். கட்சிக்காரர்கள் உறுப்பினராக இருக்கலாம், அது அவரவர் உரிமை. மன்றத்தின் பெயர்ப்பலகையும் சீருடையும் மேடையும் கட்சிக்குப் போகக் கூடாது என்று ஒரு வரி போதும்.

மூன்றாம் மாத முடிவில் துணையாளும் புதியவரும் செயலாளரோடு கால் மணி நேரம் உட்காரட்டும். கொடுத்த வேலை முடிந்ததா, அடுத்து எது வேண்டும், எந்த நேரம் ஒத்துவரவில்லை என்று மட்டும் கேளுங்கள். நின்றுவிட்டவரிடமும் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். கூப்பிடப் போவது வேறு, காரணம் கேட்கப் போவது வேறு. இரண்டையும் கலந்தால் ‘வேலை இருந்தது அண்ணா’ என்ற மரியாதையான பொய்தான் கிடைக்கும்.

கடைசியாக, சாவி. பந்து, வலை, முதலுதவிப் பெட்டி, பதிவேடுகள் எல்லாம் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி செயலாளர் வீட்டில், செயலாளர் வெளியூரில். புதிதாகச் சேர்ந்தவர் மூன்று மாலை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். விளையாட்டுப் பொருளையும் முதலுதவிப் பெட்டியையும் பதிவேட்டு அலமாரியிலிருந்து பிரித்து வேறு பூட்டில் வையுங்கள். அந்தப் பூட்டுக்கு மூன்று சாவிகள், மூன்றும் வெவ்வேறு தெருவில். யாரிடம் இருக்கிறது என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். எடுத்த நேரம், திருப்பி வைத்த நேரம், கையெழுத்து என மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு உள்ளே ஆணியில் தொங்கட்டும். மூன்று சாவிகளில் ஒன்றாவது, சேர்ந்து ஓராண்டு ஆகாத ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மன்றப் பதிவேடுகளோடு பழகியவர்கள்